பதின்மூன்று

போன மாதம் கும்பகோணத்திலிருந்து தம்பி ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு அனுப்பினான். சிவப்பாக ஒரு சொட்டு ரத்தம், அதற்குள் ஒரு இதயம், கீழே கொட்டை எழுத்தில், மாரடைப்பை உங்கள் மரபணுக்கள் முன்கூட்டியே சொல்லிவிடும் என்று ஒரு விளம்பரம். அதற்கும் கீழே அவன் கேள்வி: "அக்கா, இது நீ எடுத்த டெஸ்ட்தானே?"

இல்லை. நான் எடுத்த டெஸ்ட் இப்போது எங்கேயும் கிடையாது. அதைச் செய்த கம்பெனியே 2019 தொடக்கத்தில் கடையைக் கட்டிவிட்டது. இதை அவனுக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்ல ஆரம்பித்து, நாலு நிமிடம் தாண்டியும் முடியாமல் அழித்துவிட்டு, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன்.

2014 இலையுதிர் காலம். நியூ ஜெர்சியில் எடிசனிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வந்த காலம். வயது 46. ஸ்டேஷன் படிக்கட்டு ஏறும்போது நெஞ்சின் நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல இருக்கும். மேலே போய் ஒரு நிமிடம் நின்றால் போய்விடும். சில நாள் வரும், சில நாள் வராது. வேறு யாராவது என்றால் பேசாமல் இருந்திருப்பார்களோ என்னவோ, எனக்கு அப்பா ஞாபகம். அப்பாவுக்கு 53 வயதில், ஒரு விடியற்காலையில் நெஞ்சு அடைத்தது. வாயு என்று நினைத்துப் பெருங்காயத்தை மோரில் கரைத்துக் குடித்துவிட்டுத் திண்ணையில் போய்ச் சாய்ந்தவர்தான். அம்மா காபி கொண்டுபோனபோது இல்லை.

டாக்டர் ஈசிஜி எடுத்தார், ஒன்றுமில்லை. அப்புறம் இதயத்தை வேகமாக வேலை செய்ய வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டுக்கு எழுதுவார் என்று பார்த்தால், "முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யலாம், கலிஃபோர்னியாவுக்கு அனுப்புவோம்" என்றார். கோரஸ் சிஏடி என்று பெயர். பாலோ ஆல்டோவில் தொடங்கிய கார்டியோடிஎக்ஸ் என்ற கம்பெனி 2009-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இருபத்து மூன்று மரபணுக்கள் ரத்தத்தில் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கின்றன என்று அளந்து, அதோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, ஒன்றிலிருந்து நாற்பதுக்குள் ஒரு எண் கொடுப்பார்கள். 15, அல்லது அதற்குக் கீழே என்றால் இதய ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருக்க வாய்ப்பு குறைவு.

ரத்தம் எடுத்த நர்ஸ் ஒரு பிலிப்பினோ அம்மா. வழக்கமான குழாய் இல்லை, உள்ளே ஏற்கனவே நிறமில்லாத திரவம் இருந்தது. இரண்டரை மில்லி ரத்தம் போனதும் அதை உலுக்காமல், மணற்கடிகாரத்தைத் திருப்புவது போலத் தலைகீழாகப் புரட்டி, நிமிர்த்தி, மறுபடி புரட்டி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே பத்துத் தடவை செய்தார். ஏன் என்று கேட்டதற்கு, "இதைச் சரியாகச் செய்யாவிட்டால் கலிஃபோர்னியாவில் என்னைத் திட்டுவார்கள்" என்று சிரித்தார். பிற்பாடு படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆர்என்ஏ, அதாவது வேலை செய்யும் மரபணு எடுத்துவிடும் பிரதி, நிமிடக் கணக்கில் சிதையும். உடம்பை விட்டு வெளியே வந்த ரத்த அணுக்கள் பயந்துபோன மாதிரி வேறு மரபணுக்களை முடுக்கிவிடும். அந்தத் திரவம் அணுக்களை உடைத்து, அந்த நொடியில் இருந்ததை அப்படியே உறைய வைக்கிறது. கலக்காமல் விட்டால் பாதி ரத்தம் கையிலிருந்து எடுத்த நொடியைச் சொல்லும், மீதி பாதி கூரியர் வண்டியில் போன கதையைச் சொல்லும்.

இங்கே தம்பியின் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களுக்கும் இது இருக்கிறது. மரபணுப் பரிசோதனை என்றால் டிஎன்ஏ பார்ப்பது என்றுதான் நினைக்கிறோம். டிஎன்ஏ என்பது பரணில் இருக்கும் பாத்திரங்கள் மாதிரி. இட்லிப் பானை, இடியாப்ப உழக்கு, பணியாரச் சட்டி, கல்யாண அண்டா எல்லாம் இருக்கும். இன்றைக்கு என்ன சமையல் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் தொட்டியில் கழுவக் கிடப்பதைப் பார்க்க வேண்டும். எந்த மரபணு இன்று பரணிலிருந்து இறங்கி வேலை செய்தது, எத்தனை பிரதி எடுத்தது என்பதற்கு அந்தப் பிரதியான எம்ஆர்என்ஏதான் சாட்சி. அது நாளைக்கு மாறும், காய்ச்சல் வந்தால் மாறும், ஸ்டீராய்டு போட்டால் மாறும்.

சரி, அடைப்பு இருப்பது இதயக் குழாயில். முழங்கையில் எடுத்த ரத்தத்துக்கு அது எப்படித் தெரியும்? மாரடைப்பில் தசை சாகும்போது ட்ரோபோனின் என்ற தசைப் புரதம் ரத்தத்தில் கசியும், அது வேறு கதை, அது தீ பிடித்த பிறகு வரும் புகை. மெதுவாகப் படியும் கொழுப்பு அப்படி எதையும் கசியவிடுவதில்லை. ஆனால் அந்தப் படிவு சும்மா கிடக்கும் கொழுப்பும் அல்ல, அது ஒரு புண். வெள்ளை அணுக்கள் அங்கே போய்வந்துகொண்டே இருக்கின்றன, அதனால் ஊரில் சண்டை இருந்தால் சந்தைக்கு வருகிறவர்களின் பேச்சிலேயே தெரிவது போல, சுற்றிவரும் வெள்ளை அணுக்களின் நடவடிக்கையில் அது கொஞ்சம் தெரியும் என்பதுதான் எண்ணம். அந்த 23-ல் பல, நியூட்ரோஃபில் போன்ற வெள்ளை அணுக்களில் அழற்சி வந்தால் கூடுகிறவை: எஸ்100ஏ8, எஸ்100ஏ12 மாதிரி. சில, லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவின் பக்கத்து மரபணுக்கள், அவை எதிர்த்திசையில் இழுக்கும். இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்று: நம் ஊர் லேபில் சில நூறு ரூபாய்க்கு எடுக்கிற சாதா ரத்த எண்ணிக்கைத் தாளிலேயே நியூட்ரோஃபில் இத்தனை சதவீதம், லிம்ஃபோசைட் இத்தனை என்று இருக்கிறதே, அதன் நிழலைத்தானே ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து ஓரளவு பார்க்கிறோம்? முழுக்க அப்படி இல்லை. ஆனால் முழு ரத்தத்தில் மரபணுக்களின் வேலையை அளக்கும்போது, அணு தன் நடத்தையை மாற்றியதா அல்லது அந்த வகை அணுவே எண்ணிக்கையில் கூடியதா என்பது ஒன்றோடொன்று கலந்துதான் வரும்.

சில நாளில் ரிப்போர்ட் வந்தது. வழவழப்பான தாள், ஒரு நீளமான பட்டை, அதில் ஒரு குறி: 13.

"பெரிய அடைப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, இப்போதைக்கு வேறு டெஸ்ட் வேண்டாம்" என்றார் டாக்டர். நான் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு போன் செய்து, "எனக்கு அப்பா மாதிரி ஒன்றும் இல்லையாம், மரபணுவிலேயே பார்த்துவிட்டார்கள்" என்றேன். அம்மா சாமி ரூமுக்குப் போய் விளக்கேற்றினாள். டாக்டர் சொன்னதையும் நான் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் சொன்னதில் அப்பா எங்கே வந்தார்?

வரவே இல்லை. அந்த எண்ணுக்குள் அப்பா இல்லை. கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகை எதுவும் கிடையாது. வயது, ஆணா பெண்ணா என்பது, 23 மரபணுக்கள், அவ்வளவுதான். இதை அவர்கள் ஒளிக்கவுமில்லை, ரிப்போர்ட்டிலேயே எது சேர்க்கப்பட்டது என்று இருந்தது. நான்தான் படிக்கவில்லை. எண்ணைப் பார்த்தேன், பட்டையில் பச்சைப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன், மடித்து வைத்துவிட்டேன்.

படித்தது ஏழு வருஷம் கழித்து. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் கணக்கு, ஏனென்றால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்ததே அந்தக் கணக்குதான்.

இந்த டெஸ்ட்டுக்கு உண்மையான தேவை இருந்தது. 2010-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது, கிட்டத்தட்ட நாலு லட்சம் பேர். இதய நோய் இருப்பதாக முன்பே தெரியாமல், அவசரமில்லாமல், சந்தேகத்தின் பேரில் ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்கள். அதில் 37.6 சதவீதம் பேருக்குத்தான் குறிப்பிடத்தக்க அடைப்பு இருந்தது. மற்றவர்களுக்குக் குழாயை விட்டுப் பார்த்தது வீண். அதனால், யாருக்கு இல்லை என்று ரத்தத்தில் சொல்ல முடிந்தால் எவ்வளவு நல்லது! அதே 2010-ல் கோரஸைச் சோதித்த ப்ரெடிக்ட் ஆய்வு வெளியானது, 39 அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்தது, இதய மருத்துவர் எரிக் டோபால் போன்ற பெரிய தலைகள் இருந்தார்கள். டைம் பத்திரிகை அந்த வருஷத்து மருத்துவச் சாதனைகளில் ஒன்றாகப் போட்டது. சரிபார்த்த 526 பேரில் வந்த மதிப்பெண் 0.70. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்றால், அடைப்பு உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், அடைப்பு உள்ளவருக்கு அதிக எண் வந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபது. காசு சுண்டினால் ஐம்பது. வயது, ஆணா பெண்ணா, நெஞ்சுவலி எப்படிப்பட்டது என்று மூன்றை மட்டும் கேட்கும் 1979-ம் வருஷத்துப் பழைய முறை ஒன்று உண்டு, அதற்கு 0.66. அதோடு புது டெஸ்ட்டைச் சேர்த்தால் 0.72. ஏற்றம் உண்மைதான். ஆனால் மாடிப்படி அளவு ஏற்றம் இல்லை, வாசற்படி அளவு.

அப்புறம் காம்பஸ் என்று இன்னொரு ஆய்வு, 431 பேர், 2013-ல். இதில் வந்த எண்தான் விளம்பரத்துக்கெல்லாம் போனது: 15 அல்லது கீழே வந்தவர்களில் 96 சதவீதம் பேருக்குப் பெரிய அடைப்பு இல்லை. கேட்கவே நிம்மதியாக இருக்கிறது, இல்லையா?

நூறு பேரை வரிசையில் நிறுத்துங்கள். அந்த ஆய்வில் அடைப்பு இருந்தவர்கள் சுமார் 15 சதவீதம். ஆகவே 15 பேருக்கு இருக்கிறது, 85 பேருக்கு இல்லை. டெஸ்ட் அந்த 15-ல் ஏறக்குறைய 13 பேரைப் பிடிக்கிறது, இரண்டு பேரை விட்டுவிடுகிறது. இது நல்ல விஷயம்தான். 85-ல் 44 பேரை "உனக்கு இல்லை" என்று அனுப்பிவிடுகிறது, 41 பேரை "உனக்கு இருக்கலாம்" என்று நிறுத்தி வைக்கிறது. ஆக இல்லை என்று சொல்லப்பட்ட 46 பேரில் இரண்டு பேருக்குத்தான் தப்பு, அதுதான் 96. ஆனால் ரத்தமே எடுக்காமல், அந்த நூறு பேரில் யாரைப் பார்த்தும் "உனக்கு இல்லை, போ" என்று நான் சொல்லியிருந்தாலும் 85 தடவை சரியாக இருந்திருக்கும். எண்பத்தைந்திலிருந்து தொண்ணூற்றாறு, அதுதான் டெஸ்ட் செய்த வேலை. ப்ரெடிக்ட்டில் அடைப்பு உள்ளவர்கள் அதிகம் இருந்தார்கள், அங்கே இதே எண் 83 ஆகிவிட்டது. ரத்தமோ மரபணுவோ மாறவில்லை, வரிசையில் நின்ற கூட்டம்தான் வேறு. "இல்லை" என்ற பதில் எவ்வளவு நம்பகமானது என்பது டெஸ்ட்டிடம் மட்டும் இல்லை, யாரிடம் கேட்கிறோம் என்பதிலும் இருக்கிறது. 46 வயதுப் பெண்ணிடம் கேட்டால், அந்த வயதும் பெண் என்பதும் ஏற்கனவே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகின்றன. என் 13-ல் என் வெள்ளை அணுக்கள் பேசியது எவ்வளவு, என் பிறந்த தேதி பேசியது எவ்வளவு? விமர்சகர்கள் கடைசிவரை விடாமல் கேட்டதும் இதைத்தான்.

அதே கலிஃபோர்னியாவில், அதே காலத்தில், அதே மாதிரி ரத்தத்தை வைத்து, அதே மாதிரி நாற்பதில் முடியும் எண் கொடுக்கிற இன்னொரு டெஸ்ட் இருந்தது. அது இன்னும் இருக்கிறது. அல்லோமேப் என்று பெயர், இதய மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு. புது இதயத்தை உடம்பு நிராகரிக்கிறதா என்று பார்க்க, கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு குட்டி இடுக்கியை உள்ளே விட்டு இதயத்தின் வலது கீழறையிலிருந்து சதைத் துணுக்கு கிள்ளி எடுப்பார்கள். ஒரு தடவை இல்லை, முதல் வருஷத்தில் திரும்பத் திரும்ப. அந்தக் கிள்ளலைக் குறைப்பது மட்டும்தான் இந்த டெஸ்ட்டின் வேலை. இருபது மரபணுக்கள், அதில் பதினொன்றுதான் தகவல் சொல்பவை, மீதி அளவுகோல். 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. 2010-ல் 602 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரத்தம், மறு பாதிக்கு வழக்கமான கிள்ளல், அதாவது பயாப்ஸி, என்று வைத்துப் பார்த்தார்கள். மோசமான விளைவுகள் 14.5-க்கு 15.3 சதவீதம், கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பயாப்ஸி ஆளுக்கு வருஷத்துக்கு மூன்றிலிருந்து அரையாகக் குறைந்தது.

இதிலும் ஓட்டை உண்டு. அந்தப் பதினொன்றில் சில மரபணுக்கள் ஸ்டீராய்டு மாத்திரைக்கே ஆடுபவை, ஆகவே நிராகரிப்பை அளக்கிறோமா, மாத்திரை டோஸை அளக்கிறோமா என்ற கேள்வி இருக்கிறது. ஆய்வில் இருந்ததும் மாற்று அறுவை முடிந்து ஆறு மாதமாவது கடந்த, பெரும்பாலும் நன்றாக இருந்தவர்கள்தான். ஆனாலும் அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது: எண் சரியா என்று மட்டும் கேட்காமல், அந்த எண்ணை நம்பி நடந்தால் நோயாளிக்கு என்ன ஆகிறது என்று கேட்டார்கள். ஆள் யார் என்று தெரியும், மாற்று வழி கழுத்தில் ஊசி என்று தெரியும்.

கோரஸுக்கு அந்த வசதி இல்லை. நெஞ்சுவலி என்று வருகிறவர்களின் கூட்டம் கடல். போட்டிக்கு சிடி ஆஞ்சியோகிராம் வேறு நன்றாக வளர்ந்துவிட்டது. அது குழாயையே படம் பிடித்துக் காட்டும்போது வெள்ளை அணுக்களிடம் வாக்குமூலம் வாங்குவானேன்? 2017-ல் இன்னொரு பெரிய ஆய்வில், 2,370 பேரில், எண் குறைந்தவர்களில் 3.2 சதவீதம் பேருக்கும் கூடியவர்களில் 10 சதவீதம் பேருக்கும் அடுத்த சுமார் இரண்டு வருஷத்தில் மரணமோ மாரடைப்போ ஸ்டென்ட்டோ மாதிரி ஏதாவது நேர்ந்தது என்று வந்தது. முன்கூட்டிச் சொல்கிறது என்று காட்ட இது போதும்போலத்தான் இருக்கும். ஆனால் எண் கூடியவர்கள் வயதிலும் மூத்தவர்கள்தானே! 2012-லிருந்து பணம் கொடுத்துவந்த மெடிகேர், முதியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு, 2018 கடைசியில் கையை விரித்தது, சில வாரங்களில் கம்பெனி முடிந்தது. (பாலோ ஆல்டோ, ரத்தம் என்றதும், சில சொட்டு ரத்தத்தில் எல்லா டெஸ்ட்டும் செய்வதாகச் சொன்ன தெரனோஸ் கம்பெனி என்று நினைத்துக்கொள்கிறார்கள் சிலர். அது மோசடி. இவர்கள் ஆய்வை வெளியிட்டார்கள், எண்களை எல்லோரும் பார்க்க வைத்தார்கள், அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்து கூட்டிக் கழிக்க முடிகிறது.)

சரி, ஏழு வருஷம் கழித்து. 2021-ல் வேறு டாக்டர், என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "அப்பாவுக்கு 53-லா?" என்று நிமிர்ந்தார். தெற்காசியர் என்பதையே ஆபத்தைக் கூட்டும் காரணமாக 2018-ல் அமெரிக்க கொலஸ்ட்ரால் வழிகாட்டியில் சேர்த்திருக்கிறார்கள், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55-க்குள் வந்திருந்தால் அதுவும் கணக்கு. சாதா சிடியில் இதயக் குழாய்ச் சுவரில் கால்சியம் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. 22. பயப்படுகிற எண் இல்லை, ஆனால் என் வயதுப் பெண்கள் பலருக்கு அது பூஜ்யம். படிவு இருக்கிறது, தொடங்கிவிட்டது, மாத்திரை போடு என்றார். அன்று ராத்திரிதான் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வரிவரியாகப் படித்தேன்.

கோரஸ் பொய் சொல்லவில்லை, இதை நான் தம்பியிடமும் அழுத்திச் சொன்னேன். அது பார்த்தது குழாய் பாதிக்குப் பாதி, அதாவது 50 சதவீதமாவது, சுருங்கியிருக்கிறதா என்பதை. எனக்கு அப்படி இல்லை, இன்றைக்கும் இல்லை. படிக்கட்டு வலி உணவுக்குழாய் எரிச்சலாகப் போய் முடிந்தது. ஆனால் மாரடைப்புகளில் நிறைய, பாதிகூட அடைக்காத படிவு திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வருபவை. அப்பாவுக்கு அதற்கு முந்தின நாள்வரை ஒரு வலியும் இல்லை. காவிரிப் படித்துறையில் இறங்கிக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு ஏறி வருகிற மனிதர். அந்த மனிதரின் ரத்தத்தை முந்தின நாள் எடுத்து அனுப்பியிருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆணுக்கு 53 என்பதாலேயே 15-க்கு மேல் வந்திருக்கலாம். அதைப் பார்த்து அவர் பெருங்காயத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாரா என்றால், தெரியும் எனக்கு அவரை.

தம்பிக்கு இதையெல்லாம் சுருக்கிச் சொல்லி முடித்தபோது, "சரிக்கா, அது இருந்திருந்தா எனக்கு எவ்வளவு வந்திருக்கும்?" என்றான். உன்னைச் சேர்த்துக்கொண்டே இருக்க மாட்டார்கள்டா என்றேன். கோரஸ் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு மட்டும்தான். அவனுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. எங்கள் தெருவில் அறுபது தாண்டியவர்களை வரிசையில் நிறுத்தினால் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

"அப்போ இந்த ஃபார்வர்டு டெஸ்ட்?"

எந்த ஆட்களிடம் சோதித்தார்கள், சர்க்கரைக்காரர்கள் அதில் இருந்தார்களா, "இல்லை" என்றால் என்ன இல்லை, இந்த மூன்றையும் போன் போட்டுக் கேள் என்றேன். கேட்டானாம். போனில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, "சார், தீபாவளி ஆஃபர் இருக்கு, வீட்டுக்கே வந்து சாம்பிள் எடுப்போம்" என்றாளாம்.

அவன் அதை எடுக்கவில்லை. பெரிய கடைத்தெருவில் தெரிந்த லேபில் வெறும் வயிற்றில் கொலஸ்ட்ரால் எடுத்தான், ரிப்போர்ட்டை போட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறான், எல்டிஎல், அந்தக் கெட்ட கொலஸ்ட்ரால் வரியின் மேல் கட்டை விரல் சரியாக விழுந்திருக்கிறது. விரலை எடுத்துவிட்டு இன்னொரு போட்டோ அனுப்பு என்று எழுதியிருக்கிறேன். நேற்று ராத்திரியே பார்த்துவிட்டான், நீல டிக் விழுந்திருக்கிறது.